மஞ்சள் பெயிண்டுக்கு அடியில்

உடைந்த ஏரிக்கரையை அடைக்கப் போன கிழட்டு புல்டோசர், பாதி மண்ணைத் தள்ளியதோடு நின்றுவிட்டது. மேற்கே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. மழைக்குள் அடைக்காவிட்டால் கீழே நாற்பது ஏக்கர் நெல்லும் போய்விடும்.

“டீசல் சரியில்லை. மோர் மாதிரி இருக்கு” என்றது புல்டோசர்.

“டீசல் நல்ல டீசல்தான் பெரியவரே” என்றது டீசலை வடிகட்டும் பில்டர். “உங்க டேங்குலதான் தண்ணி. என் கழுத்து வரைக்கும் வந்தாச்சு. அடியில இருக்கிற டிரைன் பிளக்கைத் திறந்தா இறங்கிடும்.”

“அப்படி ஒண்ணு எனக்குக் கிடையாது. என் உடம்பு எனக்குத் தெரியாதா?”

அடியிலிருந்து சன்னமாக ஒரு குரல் வந்தது. “இருக்கேனுங்க. ஆயுத பூஜைக்கு ஆயுத பூஜை என் மேலயும் பெயிண்ட் அடிச்சுப் பொட்டு வைக்கிறாங்க. ஆறு வருஷமா யாரும் திறக்கலை.”

புல்டோசருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெயிண்டை நம்பித்தான் ‘இன்னும் மாப்பிள்ளை மாதிரி இருக்கேன்’ என்று ஆறு வருஷமாகப் பீற்றிக்கொண்டிருந்தது.

டிரைவர் சவரிமுத்து அடியில் படுத்து, தடவித் தேடி, பெயிண்டைச் சுரண்டி ஸ்பேனரைப் போட்டார். ஒரு குடம் தண்ணீர் சேறும் துருவுமாகக் கொட்டியது. பில்டரைக் கழற்றிக் கழுவி மாட்டியதும் புல்டோசர் இருமிக்கொண்டே கிளம்பியது. கடைசி மண் விழவும் முதல் தூறல் விழவும் சரியாக இருந்தது.

“இப்போ சொல்லுங்க, யாரால ஓடுறீங்க?” என்றது பில்டர்.

புல்டோசர் கொஞ்சம் உறுமியது. பிறகு சொன்னது:

“கட்டைவிரல் அளவு இருக்கான். மூஞ்சியெல்லாம் பெயிண்ட். அந்த டிரைன் பிளக்கு.”