மேல் அடுக்கு

"நீங்க இங்க வந்தது யாருக்காவது தெரியுமா?" என்று கேட்டார் தோட்டக்காரர். கிளை வெட்டும் கத்தியை அவர் இன்னும் கீழே வைக்கவில்லை.

"யாருக்கும் தெரியாதுங்க," என்றாள் வந்தவள். அவள் பார்வை கத்தியை விட்டு நகரவில்லை.

தோட்டக்காரரின் மனைவி எழுந்து போய்க் கதவைச் சாத்தினாள். தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது. பேரிக்காய்க் கூடைகள் அடுக்கிய அந்த அறையில் பாதி வெளிச்சம் போய்விட்டது.

காலையில் பஸ்ஸை விட்டு இறங்கியதிலிருந்தே ஊர் அவளை ஒரு மாதிரியாகத்தான் பார்த்தது. மலைச்சரிவு முழுக்கக் கல்சுவர் எழுப்பி, படிக்கட்டு போல அடுக்கடுக்காய்த் தோட்டங்கள். நடுவில் கல் கூரை போட்ட முப்பது வீடுகள்.

முதல் வீட்டில் அவள் போட்டோவை நீட்டியதுமே பேச்சு நின்றது. இரண்டாவது வீட்டில் 'தெரியாது' என்ற சொல் வருவதற்குள் கதவு மூடிக்கொண்டது. அதற்கப்புறம் கூடை சுமந்து வந்த இரண்டு ஆண்கள் வாய் திறக்காமல் அவள் பின்னாலேயே நடந்து, அவளை இந்த வீட்டு வாசலில் கொண்டுவந்து நிறுத்தினார்கள். இப்போதும் ஜன்னல் வழியே அவர்கள் முதுகு தெரிந்தது.

"அந்தப் படத்தை இன்னொரு தடவை காட்டுங்க."

காட்டினாள். கையில் டிபன் டப்பாவோடு ஓர் இளைஞன் ரோட்டைக் கடந்துகொண்டிருந்தான். முகம் வேறெங்கோ திரும்பியிருந்தது.

"இவன் உங்களுக்கு என்ன வேணும்?"

"தம்பிங்க. கூடப் பொறந்தவன். வேலைக்குப் போனவன் வீடு திரும்பல. ஏழு மாசமாச்சு."

"இங்க இருக்கான்னு யாரு சொன்னது?"

"பழ லாரி ஓட்டுற ஒருத்தர், இந்த ஜாடையில ஒரு ஆளைப் பார்த்தேன்னாரு."

"அவன் வாயைத் தைக்கணும்," என்று முணுமுணுத்தார் தோட்டக்காரர். பிறகு அவள் பக்கம் திரும்பினார். "போன மாசமும் ரெண்டு பேர் வந்தாங்க. இதே மாதிரி போட்டோவோட."

"அவங்க என்ன ஆனாங்க?"

"போயிட்டாங்க."

மனைவி ஒரு டம்ளரை அவள் முன் வைத்தாள். உள்ளே மங்கலான பழுப்பு நிறத்தில் ஏதோ இருந்தது; ஆவி பறந்தது. "குடிங்க."

வந்தவளின் விரல்கள் டம்ளரைத் தொட்டுவிட்டுப் பின்வாங்கின. இரண்டு பேரும் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வேறு வழியில்லாமல் ஒரு வாய் குடித்தாள். வெறும் பேரிக்காய் வேகவைத்த தண்ணீர்தான்.

டம்ளரை வைத்துவிட்டு, பையிலிருந்து ஒரு கம்பளிச் சட்டையை எடுத்தாள்.

"அவனை நான் பார்க்கக்கூட வேண்டாங்க. குளிருமேன்னு அம்மா பின்னுனது, இதை மட்டும் அவன்கிட்ட சேர்த்துடுங்க. அம்மா படுத்த படுக்கையா கிடக்காங்க. புள்ள உயிரோட இருக்கானா இல்லையான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னாங்க." கைக்குட்டையால் கண்களைப் பொத்திக்கொண்டாள்.

தோட்டக்காரரின் மனைவி அந்தச் சட்டையை எடுத்து மடியில் வைத்து, அதன் கையை மெல்லத் தடவினாள்.

"உயிரோடதாம்மா இருக்கான்."

"ஏய்!" என்று அதட்டினார் கணவர்.

"சும்மா இருங்க. பெத்தவ கேட்டனுப்பியிருக்கா. இதைக்கூடச் சொல்லலைன்னா நாம என்ன மனுஷங்க?"

தோட்டக்காரர் நீளமாய் மூச்சு விட்டார். கத்தியை மடக்கி ஜன்னல் மாடத்தில் வைத்தார். அந்தக் கடுகடுத்த முகம் ஒரே நிமிடத்தில் களைத்துப்போன தகப்பன் முகமாக மாறியது.

"தப்பா எடுத்துக்காதம்மா. உன் தம்பி வேலை பார்த்த மில்லுல ஒரு தொழிலாளியை அடிச்சே கொன்னுட்டாங்க. அடிச்சது அந்த முதலாளி. கண்ணால பார்த்தவன் உன் தம்பி ஒருத்தன்தான். வர்ற திங்கக்கிழமை கோர்ட்ல அவன் சாட்சி சொல்லணும். அதுவரைக்கும் அவன் உசுருக்கு நாங்க பொறுப்புன்னு ஊரே சேர்ந்து வாக்குக் கொடுத்திருக்கோம். போன மாசம் வந்த ரெண்டு பேரையும் ஏமாத்தி அனுப்பினோம். உன்னையும் அந்தக் கூட்டம்னு நெனச்சு மிரட்டிட்டேன்."

பின்கதவைத் திறந்து அவளை அழைத்துப் போனார். தலைக்கு மேலே தோட்டங்கள் ஏறிக்கொண்டே போயின. எல்லாவற்றுக்கும் உச்சியில், பனி விலகிய இடத்தில், ஒருவன் தனியாகக் குனிந்து சரிந்த சுவருக்குக் கல் அடுக்கிக்கொண்டிருந்தான்.

"கூப்பிடட்டுமா?" என்றாள் மனைவி.

"வேண்டாங்க, பயந்துடுவான்." வந்தவள் கண்ணிமைக்காமல் அவனையே பார்த்தாள். "பெரியவங்ககிட்ட சொல்லிட்டு, அவங்களோடவே வர்றேன்."

வாசலில் நின்ற இரண்டு ஆண்களும் இப்போது சிரித்தபடி வழிவிட்டார்கள். மனைவி நல்ல பழமாகப் பொறுக்கி ஒரு பை நிறையக் கொடுத்தாள். "அம்மாவைத் தைரியமா இருக்கச் சொல்லு. எங்க புள்ள மாதிரி பார்த்துக்கிறோம்னு சொல்லு," என்றாள்.

ஊரைத் தாண்டி முதல் வளைவு வரைக்கும் வந்தவள் திரும்பிப் பார்க்கவில்லை. அங்கே பழப் பையை ஒரு பாறைமேல் வைத்துவிட்டு, போனை எடுத்தாள். மறுமுனையில் உடனே எடுத்தார்கள்.

"மேல் அடுக்குல தனியா இருக்கான் முதலாளி, ஏறி வாங்க."