டெல்மரின் முன்பற்கள்

டெல்மர் வாயைத் திறந்ததுமே பல் டாக்டருக்கு மனசு கேட்கவில்லை.

"பனி ஹாக்கி உங்களைப் படுத்தின பாடு! எந்த டீம் முரடன் முன்பல்லைத் தட்டினான்?"

"சின்ன லீக்ல என்னைச் சண்டை போடறதுக்குன்னே வச்சிருந்தாங்க, டாக்டர். பெரிய லீக் எட்டிக்கூடப் பாக்கல. ஆனா ரிட்டயராகி ஊர் வந்து சேர்ற வரைக்கும் ஒரு பல்லும் ஆடல."

"அப்போ இது?"

"போன ஞாயிறு எங்க ஒஜிப்வே பழங்குடி ஜனங்களோட சும்மா ஒரு மேட்ச். எதிர்ல நம்ம ஊர்ப் பொம்பளைங்கதானேன்னு, பெரிய பிஸ்தா மாதிரி கோலுக்குள்ள பாஞ்சேன்."

"கோல்ல யாரு?"

டெல்மர் அசடு வழிய டாக்டருக்குப் பின்னால் பார்த்தான். அங்கே மருந்து குழைத்துக்கொண்டிருந்த நர்ஸ் தோரீன், அவன் மனைவியின் தங்கை, சிரித்தாள்.

"வாயை நல்லாத் தொற, மச்சான். டாக்டர், பல்லைக் கெட்டியா வைங்க. இந்த ஞாயிறும் மேட்ச் இருக்கு!"