குளவிகள் இறங்கிய இடம்

கழுத்துக் கட்டி மறுபடியும் வளர்ந்திருந்தது. பதுளை டாக்டர் தனலெட்சுமிக்குப் பொறுமையாகத்தான் சொன்னார்.

"ஒடம்புக்குன்னு ஒரு காவல் இருக்கும்மா. அடையாளம் தெரிஞ்ச கெட்ட செல்லையெல்லாம் அது கொன்னுரும். கண்ணுல படாம தப்பிச்சதுதான் திரும்பப் பெருகுது. இப்ப கட்டியில இருக்கிறதெல்லாம் காவலுக்கு நம்ம ஆளு மாதிரியே தெரியும்."

"அப்ப அதை எதுவும் தொடாதுங்களா?"

டாக்டர் மருந்தை மாற்றி எழுதினார்.

மறுநாள் மடுல்சீமை மலையில் கொழுந்து பறிக்கும்போது குளவிக்கூடு கலைந்தது. பெண்கள் கூடைகளைப் போட்டுவிட்டு ஓடினார்கள். தனலெட்சுமிக்கு ஓட மூச்சில்லை. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

ஒரு கொட்டுகூட விழவில்லை. முதல் குளவி கழுத்தில் இறங்கி, கட்டியைத் தடவிப் பார்த்து, சிறகை மடக்கி உட்கார்ந்தது. பிறகு ஒவ்வொன்றாக மற்றவையும் வந்தன. வீட்டுக்கு வருகிறவை போல அவசரமில்லாமல் வந்தன. இரைச்சல் அடங்கியது.

"அக்கா, அசையாதீங்க, வாறேன்!" பக்கத்து நிரையில் பறிக்கும் கம்சலா சாக்கைப் போர்த்திக்கொண்டு மேலே ஏறி வந்தாள்.

"வராதடி," என்றாள் தனலெட்சுமி.

கழுத்தில் இருந்தவை அத்தனையும் ஒரே நேரத்தில் கம்சலா பக்கம் திரும்புவதைத் தனலெட்சுமியின் தோல் உணர்ந்தது.