மேடம் கொடுத்த விடுப்பு

பக்கிரிசாமி முக்காலியைப் போட்டு உட்கார்ந்ததுமே மேடம் பின்னங்காலை மாற்றி வைத்தது.

"அண்ணே, இன்னிக்கும் உதைச்சா இந்தப் பக்கமே வரமாட்டேன்லா."

பக்கத்து வீட்டுக்காரன். நேற்று வாங்கிய உதை தொடையில் நீலம் பாரித்திருப்பதைக் காலையில் காட்டினான், நான் கேட்காமலே.

மேடம் எங்கள் மாடு. பெயர் வைத்தவன் நான்தான். அதன் திமிருக்கு வேறு பெயர் பொருந்தவில்லை.

எட்டு வருடமாக அதைக் கறப்பவள் என் மனைவி குணசுந்தரி. அவள் திட்டினால்தான் பால் இறங்குமாம். வேறு யார் கை வைத்தாலும் அடக்கிக்கொள்ளுமாம். அதனால் இந்த எட்டு வருடத்தில் அவள் ஒரு ராத்திரிகூட எங்கள் ஊர் செமிலிங்கைத் தாண்டித் தங்கியதில்லை. தான் இல்லாவிட்டால் இந்த வீட்டில் ஒரு துரும்பும் அசையாது என்பாள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறாள்.

சமையலறைப் படியில் மகள் உமாராணி உட்கார்ந்திருந்தாள். எங்களைச் சிங்கப்பூர் தீம் பார்க்குக்கு அழைத்துப் போகப்போகிறாள். மூன்று பேருக்குமே முதல் வெளிநாடு. பாஸ்போர்ட் கைக்கு வந்துவிட்டது. எத்தனை நாள் என்பதுதான் பாக்கி. நாளைக் காலை சுங்கைப் பட்டாணியில் அவள் வேலை செய்யும் தொழிற்சாலையில் விடுப்புப் படிவம் கொடுத்தாக வேண்டும்.

மகள் நாலு நாள் என்கிறாள். குணா ஒரே நாள் என்கிறாள். காலையில் கறந்துவிட்டுப் பினாங்கில் விமானம் ஏறினால், சாயங்காலம் கறக்க வந்துவிடலாமாம். தஞ்சோங் டாவாய்க்கு மீன் வாங்கப் போகிற மாதிரி பேசுகிறாள்.

ஆனால் எனக்குத் தெரியும். ஒரு மாதமாக ரோலர் கோஸ்டர் வீடியோதான் பார்க்கிறாள். புல் அறுக்கப் போனாலும் கைப்பேசி கூடவே போகிறது. பெட்டிகள் தலைகீழாகத் திரும்பும் இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறாள். ஐம்பத்திரண்டு வயதில் இப்படி ஓர் ஆசை. வாய் திறந்து கேட்கமாட்டாள். அதுதான் எனக்குத் தாங்கவில்லை.

நேற்றே ஒரு பரீட்சை வைத்தோம். பக்கிரிசாமி கறந்தான். குணா பப்பாளி மரத்தடியில் நின்று, அப்படிப் பிடி, இப்படி இழு என்று சொல்லிக்கொண்டே இருந்தாள். மேடம் அவளைத் திரும்பித் திரும்பிப் பார்த்தது. அப்புறம் காலைத் தூக்கியது. வாளி ஒரு பக்கம், பக்கிரிசாமி ஒரு பக்கம்.

"பாத்தீங்களா?" என்றாள் குணா. சொன்னது பெருமையிலா வருத்தத்திலா என்று எனக்குப் பிடிபடவில்லை.

இன்றைய யோசனை அவளுடையது. அவள் முச்சந்தி பஸ் நிறுத்தத்துக்குப் போய்விடுவாள். அங்கிருந்து போனில் திட்டுவாள். நான் என் போனை மேடத்தின் காதருகே பிடிக்க வேண்டும். போனில் கேட்டுப் பால் கொடுத்தால், சிங்கப்பூரிலிருந்தும் காலையும் மாலையும் அப்படியே திட்டிக்கொள்ளலாம். கொடுக்காவிட்டால் ஒரே நாள், அதற்கு மேல் பேச்சே கிடையாது.

போன் அடித்தது. சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அடியே மேடம், ஆடாம நில்லுடி. காலத் தூக்குன, வந்து தோல உரிச்சிருவேன்."

மேடத்தின் காது விடைத்தது. பக்கிரிசாமி கைவைத்தான். முதல் பால் சர்ரென்று வாளியில் விழுந்தது.

அவ்வளவுதான், போன் அடங்கிவிட்டது.

பார்த்தால் லைன் கட்டாகியிருந்தது. பத்து விநாடிகூட ஆகியிருக்காது. திரும்ப அழைத்தேன். எடுக்கவில்லை. மறுபடி மறுபடி அழைத்தேன். என் கண் போனில் பாதி, மேடத்தின் பின்னங்காலில் பாதி. போச்சு, நாலு நாளும் போச்சு.

பக்கிரிசாமி கண்ணை இறுக மூடிக்கொண்டான். கை மட்டும் நிற்கவில்லை.

மேடம் அசை போட்டுக்கொண்டு நின்றது. எங்கள் போனுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. வாளி நுரை தள்ளி நிறைந்தது.

"அண்ணே, அண்ணி பேசவே இல்லையே," என்றான் அவன் மெதுவாக.

உதட்டில் விரலை வைத்தேன். இது அவள் காதுக்குப் போகக்கூடாது. எட்டு வருடப் பெருமையை ஒரு வாளிப் பாலில் முக்கிவிட எனக்கு மனசு வரவில்லை.

குணா வேகமாக வந்தாள். நான் முந்திக்கொண்டேன். உன் குரலைக் கேட்டுக்கொண்டே கடைசிவரை ஆடாமல் நின்றது என்றேன். பக்கிரிசாமி வாளியை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் வாளியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"பேசிப் பேசித் தொண்டையே வறண்டு போச்சுங்க."

உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். கைப்பேசியைப் படியில் வைத்துவிட்டு, சொம்பை இரண்டு கையாலும் வாங்கி ஒரே மூச்சில் குடித்தாள்.

அப்போ நாலு நாள் எழுதிவிடட்டுமா என்று கேட்டாள் உமாராணி.

குணா வாயைத் துடைத்துக்கொண்டு, ஐந்தாகவே எழுதச் சொன்னாள்.

படியில் கிடந்த கைப்பேசியில் பெட்டிகள் தலைகீழாகத் திரும்பிக்கொண்டிருந்தன. அதற்கு மேலே, அவள் எடுக்காமல் விட்ட என்னுடைய ஏழு அழைப்புகள்.