டவுன்ஸ்வில்லுக்குப் பூக்கட்டிய காலை

கிட்ட வந்து இருங்கள், கண்ணுகளா. ஆளுக்கொரு கற்கண்டை வாயில் போட்டுக்கொள்ளுங்கள். அது கரைவதற்குள் இந்தக் கதையைச் சொல்லி முடித்துவிடுவேன். இனிப்பான கதை என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள்.

குகனேஸ்வரி பூக்களைத் தாளில் மடிக்க உட்கார்ந்தாள்.

பலேர்மோவில், அல்பெர்கேரியா வட்டாரத்துச் சந்தொன்றில், சிஞ்ஞோரா அசுந்தாவின் வீடு. குகனேஸ்வரி அங்கே கிழவியைப் பார்த்துக்கொள்கிறவள். இரண்டாயிரத்து எட்டு, மாசி மாதத்து ஞாயிறு காலை. சமையலறை மேசையில் வெள்ளை, சிவப்பு, மஞ்சள் என்று மூன்று நிறப் பூக்கள். கீழ்வீட்டுக் கேசிகா பல்லரோச் சந்தையில் வாங்கி வந்தவை.

ஆஸ்திரேலியாவின் தேசியக் கால்பந்து லீக்குக்குப் புதிதாக ஓர் அணி வேண்டுமாம். அதை எந்த ஊரில் வைப்பது என்று ஆலோசனை சொல்லும் குழுவில் சிஞ்ஞோராவின் மகன் நீனோவும் இருந்தான். சின்ன வயதிலேயே சிட்னிக்குப் போய் ஆளானவன். குழுவில் மற்றவர்கள் ஆளுக்கொரு ஊராகப் பிரிந்து நின்றார்கள். நாளைக்கு இவன் எந்த ஊருக்குக் கை தூக்குகிறானோ, அந்த ஊர்தான்.

நீனோவுக்கு முடிவெடுக்கத் தெரியவில்லை. அம்மாவைக் கேட்டான். அம்மா குகனேஸ்வரியைக் கேட்டாள்.

சிரிக்காதீர்கள். கிழவிக்கு இடுப்பெலும்பு முறிந்தபோது, ஆபரேஷன் செய்வதா வேண்டாமா என்று குகனேஸ்வரிதான் அந்த ஊர்ப் புனிதை சாந்தா ரொசாலியாவின் படத்துக்கு முன்னால் பூக்கட்டிப் பார்த்தாள். அவள் பிறந்த ஊரில் அம்மன் கோயிலில் பார்க்கிற மாதிரியேதான். பூவைத் தாளில் மடித்து வைத்து, கண்ணை மூடி ஒன்றை எடுப்பது. பூ, செய் என்றது. கிழவி எழும்பி நடந்தாள். அன்றிலிருந்து பூவைக் கேட்காமல் அந்த வீட்டில் எதுவும் நடப்பதில்லை.

வெள்ளை என்றால் கன்பரா. சிவப்பு வொல்லொங்கொங். மஞ்சள் டவுன்ஸ்வில்.

“பந்தடிக்கிறது அவையள், பூக்கட்டுறது நாங்களோ?” கேசிகாவுக்குச் சிரிப்பு அடங்கவில்லை. “டவுன்ஸ்வில் வந்தால் தனேசுக்கு மட்ச் பாக்க ரிக்கெட் ஓசிதான், என்னக்கா?”

“ஓம், ஓம். உனக்கும் ஒண்டு எடுத்து வைக்கச் சொல்லுறன். போ, அடுப்பிலை கறி கிடக்கெண்டாய்.”

தனேஸ் குகனேஸ்வரியின் ஒரே மகன். படிக்கவென்று போய், டவுன்ஸ்வில்லுக்குப் பக்கத்துக் கரும்புத் தோட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தவன். அவனிடம் போக அவளால் முடியவில்லை. புதுப்பிக்கக் கொடுத்த பெர்மெஸ்ஸோ, அதுதான் வதிவிட அனுமதி, குவெஸ்தூராப் பொலிஸ் கந்தோரிலேயே கிடக்கிறது; அது கைக்கு வராமல் இத்தாலியை விட்டு அசைய முடியாது. அந்த ஊர்ப்பக்கம் போய்வருகிற ஒருவரையும் அவளுக்குத் தெரியாது.

புது அணி வருகிற ஊருக்கு, மைதான வேலையைப் பார்க்க, நீனோவே போவான் என்று கிழவி சொல்லியிருந்தாள்.

தனேஸ் இருக்கிற இடத்துக்கு ஒரு மனுசர் போகவேண்டும். அவளுக்கு அவ்வளவுதான் வேண்டியிருந்தது.

கேசிகா படியிறங்கியதும் குகனேஸ்வரி வெள்ளையையும் சிவப்பையும் குப்பை வாளிக்குள் போட்டாள்.

மூன்று தாளிலும் மஞ்சளையே வைத்து மடித்தாள்.

சாமி படத்துக்கு முன்னால் அப்படியொரு வேலையை அவள் செய்ததேயில்லை. தட்டைக் கொண்டுபோய் வைக்கும்போது புனிதையின் முகத்தை அவள் பார்க்கவில்லை.

தொலைபேசி அடித்தது. கிழவி சத்தத்தைப் பெரிதாக்கிவிட்டு, சிலுவை போட்டு, கண்ணை மூடி ஒன்றை எடுத்தாள். அவர்கள் பேசியது இத்தாலிய மொழியில். நான் நம் வாயால் சொல்கிறேன்.

“மஞ்சள்,” என்றாள் கிழவி.

மற்ற இரண்டையும் எடுக்கக் குகனேஸ்வரி கையை நீட்டினாள். அந்த அவசரம்தான் காட்டிக்கொடுத்தது. கிழவி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையால் ஒரு மடிப்பைப் பிரித்தாள். பிறகு அடுத்ததை.

“அம்மா? லைனிலை நிக்கிறியளோ?” என்றது தொலைபேசி.

கிழவி மூன்று பூவையும் பார்த்தாள். குகனேஸ்வரியைப் பார்த்தாள்.

“கள்ளி,” என்றாள், மகனுக்குக் கேட்காதபடி. “பிள்ளையைப் பாக்க ஆள் வேணுமெண்டால் வாயைத் திறந்து கேக்கிறதுக்கென்ன?”

பிறகு தொலைபேசியில் சொன்னாள்: “டவுன்ஸ்வில், நீனோ. பூ சொல்லிப்போட்டுது. குகனாவின்ரை பெடியன் அங்கைதான். நீ போனவுடனை முதல் வேலையா அவனைப் போய்ப் பார்.”

நீனோ பெரிதாகச் சிரித்தான். தலையிலிருந்து ஒரு பாரம் இறங்கிய சிரிப்பு.

“குகனா! பெடியனுக்கு என்ன வாங்கிக்கொண்டு போக? பியர் குடிப்பானோ? முதல் மட்சுக்கு என்ரை பக்கத்துக் கதிரை அவனுக்குத்தான், சொல்லிப்போட்டன்!”

கிழவி ரிசீவரை அவளிடம் நீட்டினாள். குகனேஸ்வரி அதை இரண்டு கையாலும் வாங்கினாள்.

“ஒண்டும் வேண்டாம், ஐயா. சவக்காலையிலை, வேலிக்கரையோடை, பேரில்லாமல் இலக்கம் மட்டும் போட்ட பலகை ஒண்டு நிக்குதெண்டு தோட்டத்துக்காரர் எழுதினவை. அதிலை ஒருக்கா நெருப்புக் காட்டிவிடுங்கோ. எங்கடை ஆக்களை எரிக்கிறது. உடலைக் கேட்டுவர ஆளில்லையெண்டு அவனை மண்ணுக்குள்ளை தாட்டுப்போட்டினம்.”

கிழவி, பிடித்த மணிக்கட்டை இன்னும் விடவில்லை.

போய்ச் சாப்பிடுங்கள், கண்ணுகளா. உங்கள் வீடுகளை விட்டுத் தூரம் போன பிள்ளைகள் எல்லாரும் தங்கள் காலாலேயே நடந்து வந்து வாசல் ஏறட்டும்.