ஆறு தொப்பிகள்

சீசா என்ற வெளிநாட்டு ஊரில் மூன்றாம் மாடிச் சமையலறை. பாதி திறந்த சன்னல் வழியாக மாலை வெயில் மேசைமீது கோடுகோடாக விழுகிறது. இராணுவ அதிகாரிகளின் ஆறு படங்களை வழக்கறிஞர் அங்கே வரிசையாக வைக்கிறார். அவர்களில் ஒருவர்மீது சர்வதேசக் குற்றவியல் நீதிமன்றத்தில் போர்க்குற்ற வழக்குத் தொடரச் சாட்சி வேண்டும். விமலராணி, போர் முடிந்த நாளில் தன் மகனைப் பேருந்தில் ஏற்றிக்கொண்டு போன அதிகாரியை அடையாளம் காட்ட வேண்டும். மகன் திரும்பவில்லை. படங்களில் எல்லோரும் தொப்பி அணிந்திருக்கிறார்கள். எல்லா முகமும் ஒன்றுபோல இருக்கிறது. "வடிவாப் பாரும்," என்கிறார் கணவர் ஜோக்கிம். "நீங்கள் சும்மா இருங்கோ. கண்ணாடியைத் தலையில வைச்சுக்கொண்டு வீடெல்லாம் தேடுற ஆள்," என்கிறார் விமலராணி. மொழிபெயர்க்க வந்த தர்சனா சிரிப்பை அடக்குகிறாள், இதை வழக்கறிஞருக்குச் சொல்லவில்லை. விமலராணி தட்டிலிருந்து ஒரு மண்டரின் ஆரஞ்சை எடுத்து உரிக்கிறார். தோலைத் துண்டுகளாகக் கிள்ளி, ஒவ்வொரு தொப்பியின் மேலும் ஒன்றை வைக்கிறார். பழவாசம் பரவுகிறது. கீழே ஒரு பஸ் நின்று, மூச்சுவிட்டுப் போகிறது. வழக்கறிஞரின் பேனா தாளைத் தொடாமல் நிற்கிறது. விமலராணியின் விரல் நான்காவது படத்துக்கு வருகிறது. "இவர்தான்." வழக்கறிஞர் ஏதோ கேட்கிறார். "தொப்பியை ஏன் மூடினீங்கள் எண்டு கேக்கிறா, அன்ரி," என்கிறாள் தர்சனா. "அண்டைக்கு அவரின்ர தலையில தொப்பி இல்லை, பிள்ளை. மகன் அழுதவன். கழட்டி அவனுக்குப் போட்டுவிட்டவர். பெரிய தொப்பி, கண்ணை மறைச்சது. சிரிச்சுக்கொண்டுதான் ஏறினவன்."