பொருந்தலையாம்

"என்னால முடியாதும்மா. எனக்குப் பயமா இருக்கு."

மகள் இப்படிப் பட்டென்று சொல்லுவாள் என்று அம்மா கனவிலும் நினைக்கவில்லை. பக்கத்து நாற்காலியைப் பிடித்துக்கொண்டாள்.

உள்ளே டயாலிசிஸ் படுக்கையில் அப்பா. இரண்டு சிறுநீரகமும் கைவிட்டுவிட்டன. வீட்டு ஆள் யாராவது ஒன்றைக் கொடுத்தால் பிழைத்துக்கொள்வார் என்று டாக்டர் அப்போதுதான் சொல்லிவிட்டுப் போயிருந்தார். அம்மாவுக்குச் சர்க்கரை, அவளிடம் எடுக்க முடியாது. மிச்சம் மகளும் மகனும்தான்.

"பயமா? பெத்த அப்பாடி அது!" அத்தைக்குக் குரல் எகிறியது. "உன்னைத் தோள்ல போட்டு வளர்த்த மனுஷன்டி!"

"தெரியும் அத்தை. ஊசியைப் பார்த்தாலே எனக்குக் கண்ணை இருட்டிக்கிட்டு வரும். வயித்தைக் கிழிக்கிறதுன்னா... நினைச்சாலே உடம்பு நடுங்குது. இல்லாத தைரியத்தை இருக்குன்னு எப்படிச் சொல்றது?"

"உன்னையா நான் பெத்தேன்!" என்றாள் அம்மா.

தம்பி எழுந்து வந்து அம்மாவின் தோளில் கை போட்டான்.

"அவகிட்டப் போய் ஏம்மா கெஞ்சிக்கிட்டு இருக்கே? நான் எதுக்கு இருக்கேன்? நான் தரேன்."

அம்மா அவனைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். அக்கா பக்கம் அதற்கப்புறம் யாரும் திரும்பவில்லை.

தம்பிக்குப் பரிசோதனைகள் நடந்தன. முடிவு வந்த அன்று டாக்டரைத் தனியாகப் பார்த்துவிட்டு வெளியே வந்தவனுக்கு முகத்தில் ரத்தமே இல்லை.

"பொருந்தலையாம்மா" என்று சொல்லும்போதே உடைந்து அழுதான்.

"அழாதேடா ராஜா. தரேன்னு சொன்னியே, அந்த மனசு போதும்" என்று அம்மா அவன் கண்ணைத் துடைத்துவிட்டாள்.

அத்தை சொந்தக்காரர்களுக்கெல்லாம் போன் போட்டாள். தம்பியின் பெருமையைப் பாதியும் அக்காவின் லட்சணத்தைப் பாதியும் சொன்னாள். அப்பா மட்டும் படுக்கையிலிருந்தபடியே, "எனக்கு வேண்டியது ஒரு கிட்னி. அதுக்கு ஏன் ரெண்டு பிள்ளைங்களையும் போட்டு வறுக்கறீங்க?" என்றார். யார் காதிலும் ஏறவில்லை.

மறுநாள் காலை அக்கா தனியாக வந்தாள். மாற்று அறுவை சிகிச்சைப் பிரிவைக் கவனிக்கும் நர்ஸிடம் போய்க் கையை நீட்டினாள்.

"எனக்கும் டெஸ்ட் பண்ணிடுங்க சிஸ்டர். மனசு மாறறதுக்குள்ளே."

ரத்தம் எடுத்து முடிகிறவரை கண்ணை இறுக மூடிக்கொண்டிருந்தாள். எழுந்து நின்றதும் தலை சுற்றி, நர்ஸ் மேலேயே சாய்ந்துவிட்டாள்.

அவளுக்குப் பொருந்தியது.

ஆபரேஷன் அன்று, பச்சை அங்கியில் அவளை அழைத்துப் போனபோதுகூட அம்மா முகம் கொடுத்துப் பேசவில்லை. ஆனால் கதவு சாத்தியதும் வெளியே பேசியது உள்ளே தெளிவாகக் கேட்டது.

"இவ ஒண்ணும் பாசத்துல வரலை. நாலு பேர் கேவலமாப் பேசினதுக்கு அப்புறம்தான் வந்திருக்கா. என் பையனுக்கு மட்டும் பொருந்தியிருந்தா அன்னிக்கே படுத்திருப்பான். கொடுத்துவைக்கலை அவனுக்கு."

"அவன் மனசு யாருக்கு வரும்?" இது அத்தை.

தம்பியின் குரல் மட்டும் கேட்கவேயில்லை.

அக்காவின் தோடுகளைக் கழற்றிக்கொண்டிருந்த நர்ஸுக்குப் பொறுக்கவில்லை.

"இதையெல்லாம் கேட்டுக்கிட்டு எப்படிம்மா சும்மா இருக்கீங்க?"

அக்காவின் பற்கள் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டிருந்தன.

நர்ஸ் தோடுகளை ஒரு கவரில் போட்டு ஒட்டினாள். ஒட்டிவிட்டு விருட்டென்று கதவுப் பக்கம் திரும்பினாள்.

"என் வேலை போனாலும் போகுது. உங்க அம்மாகிட்ட ஒரே ஒரு விஷயத்தைச் சொல்லிட்டு வந்துடறேன்."

அக்கா எட்டி அவள் கையைப் பிடித்தாள்.

"வேண்டாம் சிஸ்டர். தம்பிக்குப் பொருந்திடுச்சு, அந்த விஷயம்தானே?"

நர்ஸுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"உங்களுக்கு... உங்களுக்கு எப்படித் தெரியும்? டாக்டரையும் என்னையும் தவிர..."

"அவனே போன் பண்ணினான். பொருந்துதுன்னு டாக்டர் சொன்னதும் அவனுக்குக் கை கால் உதறிடுச்சாம். பொருந்தலைன்னு வெளியில சொல்லிடறேன், காட்டிக்கொடுத்துடாதீங்கன்னு அவர் காலைப் பிடிச்சானாம். 'என்னால முடியலைக்கா, செத்துப்போயிடுவேனோன்னு இருக்கு'ன்னு குழந்தை மாதிரி அழுதான். அதுக்கப்புறம் அப்பாவுக்கு வேற யார் இருக்கா? அதான் நான் வந்தேன்."

"அப்போ உங்களுக்குப் பயம் போயிடுச்சா?"

அக்கா கையை நீட்டிக் காட்டினாள். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன.

நர்ஸ் அந்தக் கையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டாள். "இவ்வளவு பயத்தோட வந்திருக்கீங்க. கெட்ட பேரையும் எதுக்கும்மா நீங்களே சுமக்கணும்? உண்மை தெரியட்டுமே."

ஸ்ட்ரெச்சர் வந்துவிட்டது. அக்கா ஏறிப் படுத்து, போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டாள்.

"பெத்த ரெண்டும் பயந்தாங்கொள்ளிதான்னு தெரிஞ்சா அம்மா தாங்கமாட்டாங்க சிஸ்டர். அவங்களுக்கு ஒரு பிள்ளையாவது தைரியசாலியா இருந்துட்டுப் போகட்டும்."